முகப்பருவும் வலிய மருந்தும்



பரு என்னும் சொல்லைக் கேட்டதும் பருவம் என்னும் சொல்லும் உடன் நினைவுக்கு வருகிறது. இளமையில் வருவது, இளமை கழியப் போவது என்று கருதி, நம் வீடுகளில் அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. பலருக்கு அஃது அவ்வாறே வந்து மறைகிறது. ஆயினும் சிலருக்குக் கன்னத்திலும் தாடையிலும் முதுகிலும் சிவந்து, சீழ் கொண்டு, ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அத்தகையோர் தோல் மருத்துவரை நாடும்பொழுது 'ஐசோட்ரெட்டினோயின்' என்னும் மருந்தைப் பற்றிய பேச்சு எழுகிறது. அதனை ஏற்பதா, தவிர்ப்பதா? மருத்துவர் முன் அமர்வதற்கு முன்னர் எண்ணிப் பார்க்க வேண்டிய சிலவற்றை இன்று கூற விரும்புகிறோம். நாம் மருத்துவர் அல்லோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஆதலின் முடிவு கூறுதல் நம் பணி அன்று.

முதலில் மருந்தின் இயல்பைக் காண்போம். பரு தோன்றுவதற்கு நான்கு காரணங்கள் கூறுவர். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரத்தல். மயிர்க்கால்களின் துளை அடைபடுதல். அங்கே நுண்ணுயிர்கள் பெருகுதல். அவ்விடத்தில் அழற்சி உண்டாதல். ஏனைய மருந்துகள் இவற்றுள் ஒன்றிரண்டைத் தடுக்கின்றன. வைட்டமின் ஏ இனத்தைச் சேர்ந்த இம்மருந்தோ எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருங்கச் செய்து, நான்கையும் ஒருங்கே தணிக்கிறது. வேறு எதற்கும் அடங்காத கட்டிப் பருக்கள் இதனால் நெடுங்காலம் அடங்கியிருந்தமையை அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1979-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1982-இல் அந்நாட்டில் இதற்கு அனுமதி கிடைத்தது. அவ்வனுமதி மிகக் கடுமையான பருவுக்கே உரியதாக இருந்தது.

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. முகமெங்கும் கட்டிகள் எழுந்தவர்க்கு ஐயம் குறைவு. இரண்டொரு பரு உடையவர்க்கு இம்மருந்து தேவையில்லை. இடைப்பட்ட நிலையில் உள்ளவர் யாது செய்வது?

அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு ஓர் அளவுகோல் தருகின்றன. பருவின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தல் போதாது. அது வடுவை உண்டாக்குமாயினும், உள்ளத்தைப் பெரிதும் வருத்துமாயினும், அதனைக் கடுமையானதாகவே கொள்ளலாம் என்றும், முறையான ஏனைய மருத்துவத்திற்கு அடங்காத பருவுக்கும் இம்மருந்தைக் கருதலாம் என்றும் அவை கூறுகின்றன.

வடு என்பதை நாம் சரியாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். நம்மவர் தோலில் பரு ஆறியபின் கரும்புள்ளி தோன்றுவது இயல்பு. அது நிறமாற்றமே, சில திங்களில் மெல்ல மங்கும். விரலால் தடவினால் குழியாகத் தென்படுவது உண்மையான வடு. அது தானே நிரம்புவதில்லை. இம்மருந்தும் பழைய குழிகளை நிரப்பாது. புதியன தோன்றாமல் காக்கும், அவ்வளவே. ஆகவே குழி விழத் தொடங்கியவர் காலம் தாழ்த்துதல் நன்றன்று. புள்ளி மட்டும் உடையவர் அவசரப்படுதலும் நன்றன்று.

'எல்லா மருந்தும் பார்த்தாயிற்று' என்று பலர் கூறுவர். வினவினால், பத்து நாள் ஒரு களிம்பு, பதினைந்து நாள் வேறொன்று என்பது தெரியவரும். அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு ஆகிய பூச்சு மருந்துகளை 12 வாரமேனும் விடாது பயன்படுத்தினாலன்றி அவற்றின் பயனை அறிய இயலாது. டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகளையும் மருத்துவர் இவற்றுடன் சேர்த்துச் சில திங்கள் தருவது உண்டு. இவ்வழியை நேர்மையாகக் கடந்தபின் பரு அடங்கவில்லையெனில், அப்பொழுது வலிய மருந்தைப் பற்றிப் பேசுதல் முறையாகும்.

ஏற்றுக்கொள்வோர் எதிர்பார்க்க வேண்டுவன யாவை? உதடு வெடிக்கும், கண்ணும் மூக்கும் வறளும், சிலருக்குத் தசைவலி தோன்றும். முதற்சில வாரங்களில் பரு குறையாது, சற்றே பெருகவும் கூடும். இரத்தத்தில் கொழுப்பையும் கல்லீரலின் நிலையையும் சோதித்துப் பார்ப்பர். கொழுப்புச் சத்துள்ள உணவுடன் உண்டாலன்றி மருந்து உடலில் நன்கு சேராது. தனியே வைட்டமின் ஏ மாத்திரை உண்பதும், டாக்சிசைக்ளினை இதனுடன் சேர்த்து உண்பதும் ஆகா. மருந்து உண்ணும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு திங்களும் இரத்த தானம் செய்தல் கூடாது. மனச்சோர்வைப் பற்றிய அச்சமும் உண்டு. பெருந்தொகையினரை ஆராய்ந்த ஆய்வுகள் பொதுவாக அவ்வச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. எனினும் தனியொருவர்க்கு நேரக்கூடும் என்பதால், வீட்டார் கவனித்திருத்தல் வேண்டும். ஊரை விட்டு விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளையாயின், உடன் உறையும் நண்பர் ஒருவர்க்கேனும் இச்செய்தி தெரிந்திருத்தல் நன்று.

இவை யாவும் பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் நீங்குவன. நீங்காத ஒன்று உண்டு. கருவுற்ற பெண் இம்மருந்தை உண்டால், குழந்தையின் செவி, இதயம், மூளை ஆகியவை குறையுற்று அமையக்கூடும், கருச்சிதைவும் நேரலாம். சிறிய அளவில் உண்டால் தீங்கில்லை என்று எண்ணுதல் பெரும்பிழை. தொடங்குவதற்கு ஒரு திங்கள் முன்பிருந்து, நிறுத்திய பின் ஒரு திங்கள் வரை கருவுறாதிருத்தல் வேண்டும் என்பது விதி.

இவ்விதி நம் குடும்பங்களில் எங்கே இடறுகிறது என்பதைக் கூறுதல் வேண்டும். தையில் மகளுக்குத் திருமணம். அதற்குள் முகம் தெளிய வேண்டும் என்று ஐப்பசியில் மருந்தைத் தொடங்குகின்றனர். மருத்துவமோ பெரும்பாலும் ஆறு திங்கள் நீடிப்பது. கணக்கிட்டுப் பாருங்கள்: பங்குனி முடியும் வரை மருந்து, சித்திரை காப்புக் காலம், வைகாசியில்தான் தடை நீங்குகிறது. இடையில் திருமணம் நிகழ்ந்துவிடுகிறது!

தலைநகரில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் இது நேரவிருந்தது. அன்னைக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. மருத்துவர் இந்தியில் பேசினார். இருவருக்கும் இடையே மகளே மொழிபெயர்ப்பாளர். 'ஷாதி ஆகிவிட்டதா?' என்று மருத்துவர் கேட்டார். 'இல்லை' என்றாள் மகள். நிச்சயம் ஆகியிருந்ததை நாணத்தால் கூறவில்லை. மருத்துவரும் மேலே வினவவில்லை. ஷாதி என்னும் சொல் மட்டும் விளங்கிய அன்னையார், அவர் வாழ்த்துவதாக எண்ணி மகிழ்ந்து கைகூப்பினார்! வீட்டுக்கு வந்தபின், மருந்துப் பெட்டியில் இருந்த சீட்டை மூத்த உறவினர் ஒருவர் பிரித்துப் படித்து, பொருள் கூறினார். மறுநாள் மருத்துவரிடம் சென்று நாளும் திங்களும் கூறினர். மருந்தைத் தொடங்குவதை ஒத்திவைக்குமாறு அவர் கூறிவிட்டார். அச்சீட்டைப் படிக்க ஒருவர் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தன் நோயைத் தானே மொழிபெயர்க்கும் பெண், சொல்ல நாணுவதை விட்டுவிடுவாள். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இஃது அன்றாட அனுபவம். ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். மருத்துவருடன் சற்றுநேரம் மகள் தனியே பேச இடம் கொடுங்கள். திருமண நாள் குறித்திருந்தால் அதனை மறையாது கூறுங்கள். நமக்குப் புரியும் மொழியறிந்த வேறொருவரை உடன் அழைத்துச் செல்வதில் தவறில்லை. மருந்தைத் துண்டாக நறுக்கி வாங்காமல், சீட்டு அடங்கிய பெட்டியாக வாங்கி, அதனை முழுவதும் படித்துக் கேளுங்கள்.

மருந்துக் கடையைப் பற்றியும் ஒரு சொல். இம்மருந்து மருத்துவர் சீட்டின்றி விற்கத்தகாதது. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குணமாயிற்று என்று அவன் மாத்திரையைக் கேட்டுப் பெறுதல் ஆகாது. மருத்துவரை நாடாது, முகம் வெளுக்கும் என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசுவது மற்றொரு கேடு. முதலில் முகம் தெளிவது போல் தோன்றும். பின்னர்த் தோல் மெலிந்து, பரு முன்னினும் மிகும். அத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டுக்கு உரியனவாக இந்திய அரசு 2018-இல் ஆக்கியது.

இறுதியாக, முடிவெடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழி விழுகிறதா? முன்னைய மருத்துவத்தை 12 வாரம் முறையாகச் செய்தோமா? சோதனைகளுக்கு ஆறு திங்களும் தவறாது செல்ல இயலுமா? பெண்ணாயின், அக்காலத்திலும் அதன் பின் ஒரு திங்களும் கருவுறாதிருத்தல் உறுதியா? நான்குக்கும் ஆம் என்று விடை வருமாயின், மருந்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. முதல் கேள்விக்கு இல்லை என்பது விடையாயினும், உள்ளம் பெரிதும் வருந்துமாயின் அதனையும் மருத்துவரிடம் கூறுங்கள். கடைசிக் கேள்விக்கு ஐயமிருந்தால் காத்திருங்கள். பரு பொறுக்கும்; பிறக்கவிருக்கும் குழந்தைக்கு நேரும் குறையை யாராலும் பொறுக்க இயலாது.