எங்கள் பஸ் மறுபடி ஓடிய கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொழில்துறையின் சவால்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பேச எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். நான் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

2009-ல் இறுதியாண்டில், துறை விழாவுக்காக நாங்கள் ஒரு பஸ் விளையாட்டு எழுதினோம். மாடு, ஆட்டோ, தண்ணீர் லாரி எதிலும் இடிக்காமல், ஆட்களை ஏற்றிக்கொண்டு, மணி அடிப்பதற்குள் காலேஜ் வாசலுக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். துறை சர்வரில் போட்டோம். ஒரு மாதம் லேபில் யாரும் வேறு வேலை பார்க்கவில்லை. (அப்போதைய லேப் உதவியாளர் இங்கே வந்திருக்கிறார். மன்னிக்கணும் சார்.)

அதை எழுதியது ஃப்ளாஷில். இன்றைய மாணவர்கள் பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். 1996-ல் மேக்ரோமீடியா கம்பெனி வாங்கி வளர்த்தது, 2005-ல் அடோபி கைக்குப் போனது. அந்த நாளில் பிரவுசரில் ஒரு படம் அசைந்தால் அது பெரும்பாலும் ஃப்ளாஷ்தான். படம், ஒலி, புரோகிராம் எல்லாவற்றையும் எஸ்.டபிள்யூ.எஃப் என்ற ஒரே சின்னக் கோப்பில் கட்டிவிடலாம். அதனால்தான் எங்களைப் போல நாலு பேர், முதலாளி இல்லாமல், விளையாட்டு எழுத முடிந்தது. அமெரிக்காவில் டாம் ஃபல்ப், டான் பலாடின் என்ற இரண்டு பேர் 2002-ல் இப்படி எழுதிய 'ஏலியன் ஹோமினிட்' இரண்டே வருடத்தில் பிளேஸ்டேஷன் 2-க்குப் போயிற்று. எங்களுக்கும் அந்தக் கனவு இருந்தது. எங்கள் பஸ் லேபைத் தாண்டவில்லை, அது வேறு விஷயம்.

ஃப்ளாஷுக்கு என்ன ஆயிற்று? பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்க அடைக்க வந்துகொண்டே இருந்தன. கைப்பேசியில் பேட்டரியைக் குடித்தது. 2010-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதமே எழுதி, ஐபோனில் இதற்கு இடமில்லை என்றார். 2017-ல் அடோபியே நாள் குறித்தது. 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு நின்றது. நின்றது மட்டுமில்லை, பிளேயருக்குள்ளேயே கெடு வைத்திருந்தார்கள். 2021 ஜனவரி 12 முதல் அது எந்தக் கோப்பையும் ஓட்ட மறுத்தது.

அந்த வருட ஊரடங்கில்தான் வீட்டுப் பரணில் எங்கள் சி.டி. கிடைத்தது. மூலக்கோப்பு இருந்த ஹார்டு டிஸ்க் என்றைக்கோ செத்துப்போயிற்று. மிஞ்சியது அந்த எஸ்.டபிள்யூ.எஃப் மட்டும். கிளிக் செய்தேன். ஒன்றுமில்லை.

இப்படிக் கிடக்கும் விளையாட்டை எழுப்ப ஒரு வழி, எல்லாவற்றையும் புதிதாக எழுதுவது. 'ஏலியன் ஹோமினிட்' அப்படித்தான் போனது. அதற்குப் பணமும் ஆளும் வேண்டும். இன்னொரு வழி, கெடு வைக்காத பழைய பிளேயரையே பத்திரப்படுத்துவது. ஃப்ளாஷ்பாயிண்ட் என்ற தன்னார்வலர் குழு 2018-லிருந்து இதைச் செய்கிறது. லட்சத்துக்கு மேல் சேர்த்திருக்கிறார்கள். பல விளையாட்டுகள் தம் சொந்தத் தளத்தில் இருந்தால்தான் ஓடும். எனவே இவர்கள் கணினிக்குள்ளேயே ஒரு பொய் இணையத்தை வைத்து, வீட்டில்தான் இருக்கிறாய் என்று விளையாட்டை நம்ப வைக்கிறார்கள். தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: பழைய பிளேயரை எங்கேயோ தேடி எடுத்து, இணையத்தில் இருக்கிற கணினியில் போட்டுவிடாதீர்கள். ஓட்டைகளும் கூடவே வரும்.

நான் பிடித்தது மூன்றாவது வழி. ரஃபிள் என்று ஓர் இலவச எமுலேட்டர், ரஸ்ட் மொழியில் எழுதியது. ஃப்ளாஷ் பிளேயர் செய்ததையெல்லாம் முதலிலிருந்து செய்து காட்டும். கேட்க எளிது. ஃப்ளாஷின் கோணல்களையும் அல்லவா செய்து காட்ட வேண்டும்! மதிப்பே கொடுக்காத ஒரு வேரியபிளை எண்ணோடு கூட்டினால், ஆறாம் பதிப்பு வரை அது பூஜ்யம். ஏழாம் பதிப்பிலிருந்து 'எண் அல்ல'. எத்தனையோ விளையாட்டுகள் தெரியாமலே அந்தப் பூஜ்யத்தின் மேல் நிற்கின்றன. எமுலேட்டர் 'சரியாக' நடந்துகொண்டால் அவை விழுந்துவிடும்.

எங்கள் பஸ் ரஃபிளில் திறந்தது. 'காத்திருக்கவும்' என்பதோடு நின்றது. மதிப்பெண் பட்டியலைத் துறை சர்வரிடம் கேட்கிறது, சர்வர் போய்ப் பத்து வருடம். பதில் வரவில்லை என்பதை ஃப்ளாஷ் சொல்லத்தான் சொல்லும். அதைக் காதில் வாங்க ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுத வேண்டியவன் நான்தான். அந்த சர்வர் பெயரில் போகும் கேள்வியை என் கணினிக்கே திருப்பி, காலிப் பட்டியல் ஒன்றைக் கொடுக்க வைத்தேன்.

அடுத்தது தமிழ். கோப்பு சிறியதாக இருக்கட்டும் என்று எழுத்துருவை உள்ளே பதிக்கவில்லை. அதுவோ யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். முகப்பில் வந்தது வெறும் ஆங்கிலக் குப்பையும் அரைப்புள்ளிகளும். பழைய எழுத்துருவைத் தேடிப் பிடித்து நிறுவிப் பார்த்தேன். ரஃபிளில் அந்த வசதி சரியாக வரவே காலம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, குப்பை மாறி விளையாட்டின் பெயர் வந்தது. அதன் கீழே 'உருவாக்கம்' என்று மூன்று பெயர்கள்.

நாங்கள் நாலு பேர்.

பஸ் ஓடுவதும் திரும்புவதும் நாலாவது ஆள் எழுதியது. விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் எனக்கும் அவனுக்கும் சண்டை. காரணம் இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அவன் விலகினான். முந்தின நாள் ராத்திரி அவன் பெயரை எடுத்தது நான். மற்ற இருவருக்கும் காலையில்தான் தெரியும். அவன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் நாங்கள் பேசவும் இல்லை.

எஸ்.டபிள்யூ.எஃப்பைப் பிரித்துத் திருத்தக் கருவிகள் இருக்கின்றன. பெயரைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. செய்யவும் செய்தேன். பிறகு அழித்தேன். ஒரு பைட்டைக்கூட மாற்றாமல் ஓட்ட வேண்டும் என்றுதானே இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்? மாற்றிவிட்டால் 2009-ல் நான் ஒழுங்காக நடந்துகொண்டதாக அல்லவா கோப்பு சாட்சி சொல்லும்?

தெரிந்தவர்களிடம் நம்பர் வாங்கி, கோப்பையும் ரஃபிளையும் அவனுக்கு அனுப்பி, நடந்ததை எழுதினேன். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் போன்.

"டேய், மூணாவது கட்டத்துல பஸ் தண்ணி லாரிக்குள்ள புகுந்து அந்தப் பக்கமா வருதே, அது யாரு எழுதினது?"

"நீ போன பிறகு நான் எழுதினதுடா."

"அப்ப என் பேரு இல்லாததே நல்லது."

பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். கோப்பு அப்படியே இருக்கட்டும், பக்கத்திலேயே ஒரு தனிக் குறிப்பில் நாலு பேர் பெயரையும், யார் எதை எழுதினார்கள் என்பதையும் போடு என்றான். லாரி விஷயத்தை மறக்காமல் போடச் சொன்னான். போட்டிருக்கிறேன். மேடையில் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவன் நிபந்தனை. நாலாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். தலையைக் குனிந்துகொண்டிருப்பவரைப் பாருங்கள்.

வெளியே வராந்தாவில் ஸ்டீம் டெக் என்ற கைக்கருவி ஒன்றை வைத்திருக்கிறேன். உள்ளே லினக்ஸ் என்பதால் ரஃபிள் அதில் தாராளமாக ஓடுகிறது. அம்புக்குறி விசைகளை இடது பக்கத்துக் குச்சிக்கும், ஹாரனை 'ஏ' பட்டனுக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். பிளேஸ்டேஷன் கனவு இந்த அளவுக்காவது நிறைவேறியது. சாப்பிட்டுவிட்டு வந்து ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது கட்டத்தில் லாரியைக் கண்டு பயப்பட வேண்டாம், நேராகப் போகலாம்.