மூன்றுக்கு மேல் திரும்பாத வால்யூம்

(திருமயத்தில் நண்பர்கள் சேர்ந்து நடத்திய பழைய டேப்ரிக்கார்டர் கேட்பு நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேசை மேல் ஏழு செட்டுகள் இருக்கின்றன. உள்ளே வந்த எல்லோரும் முதலில் செய்த காரியம், கேசட் மூடியைத் திறந்து மூடிப் பார்த்ததுதான். அந்த ‘டக்’ சத்தம் கேட்டதும் முகமே மாறிவிடுகிறது. 2000க்குப் பிறகு பிறந்த தோழர்கள்கூட, தங்கள் வீட்டில் ஒருநாளும் இருந்திராத ஒரு பொருளுக்காக ஏங்குகிறார்கள். ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். நடராஜ் பென்சிலைக் கேசட்டுக்குள் விட்டுச் சுற்றுகிற ஒரு கை, பின்னணியில் ராஜா பாட்டு, கீழே ‘அந்தக் காலம்’ என்று ஒரு வரி. எனக்கும் அது பிடிக்கும். கேலி செய்ய வரவில்லை. ‘அந்தக் காலம்’ என்று சொல்லும்போது, யார் எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அவ்வளவுதான்.

என் அப்பா டீக்கடைப் பாட்டை முதுகால் கேட்டவர். அவர் சொன்ன வார்த்தை இது. பெஞ்சில் உட்கார முடியாது. கடைக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக் குத்தவைத்து, தனி டம்ளரில் குடித்து, கழுவி வைக்க வேண்டும். செட் கடைக்கு உள்ளே இருக்கும். ‘விதி’ படத்தின் கோர்ட் வசனம் 1984இல் கேசட்டாக வந்து எல்லா டீக்கடையிலும் ஓடியதே, அதை அப்பா முழுசாக மனப்பாடம் சொல்வார். அந்தக் கேசட் ஓடிய பெட்டி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. இதெல்லாம் பழைய கதை என்று யாராவது நினைத்தால், நம் மாவட்டத்தில்தான் 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கப் போன அதிகாரிகள் அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் பார்த்து வழக்குப் போட்டார்கள். கேசட்டின் காலம் முடிந்துவிட்டது. டம்ளரின் காலம் முடியவில்லை.

அப்பா சவுதிக்குக் கட்டட வேலைக்குப் போய் 1991இல் திரும்பியபோது ஒரு நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். இரண்டு ஸ்பீக்கர், நடுவில் கேசட், மேலே கைப்பிடி. பஸ்ஸிலிருந்து இறங்கி, ஊர்த்தெரு வழியாகத்தான் எங்கள் தெருவுக்கு வர வேண்டும். அட்டைப்பெட்டியோடு வந்திருந்தால் பிரச்சினை இருந்திருக்காது. அவர் பெட்டியைப் பிரித்து, செட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அந்த ஒரு நடைக்காகத்தான் மூன்று வருடம் வெயிலில் நின்றேன் என்று அம்மாவிடம் சொன்னாராம். அன்று சாயங்காலம் எங்கள் தெருவே வீட்டு வாசலில் கூடியது. பாட்டு ஓடியது. ராத்திரி எட்டு மணிக்கு ஊருக்குள்ளிருந்து ஆள் வந்தது. “என்ன, சத்தம் அங்க வரைக்கும் வருது?” இவ்வளவுதான் கேட்டார்கள். அடிக்கவில்லை, உடைக்கவில்லை. ஊர்ப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அந்தச் செட்டைத்தான் 2023இல் பரணிலிருந்து இறக்கினேன். என் முனைவர் பட்ட ஆய்வு ஒப்பாரியைப் பற்றியது. ஊர் ஊராகப் போய் ரெக்கார்ட் செய்துகொண்டிருந்த எனக்கு, என் வீட்டிலேயே ஒரு ரெக்கார்டிங் இருந்தது பிறகுதான் உறைத்தது. அதற்கு முதலில் செட் ஓட வேண்டும்.

பழைய செட்டைச் சரிசெய்வது கஷ்டமான வித்தை இல்லை. பொறுமை வேண்டும். முதலில் போவது ரப்பர். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகிற பெல்ட் இருபது முப்பது வருடத்தில் தார் மாதிரி உருகி ஒட்டிக்கொள்ளும். அதைப் பஞ்சும் ஆல்கஹாலும் வைத்துத் துளித் துளியாகச் சுரண்ட வேண்டும். விரலில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. அடுத்து பிஞ்ச் ரோலர். நாடாவை இரும்புக் கம்பியோடு அழுத்தி இழுக்கிற குட்டி ரப்பர் உருளை அது. அது இறுகிப்போனால் பாட்டு இழுக்கும், நாடாவைச் செட் தின்னும். பேட்டரியை உள்ளேயே விட்டு வைத்திருந்தால் அமிலம் ஒழுகிப் பச்சை பூத்திருக்கும். கண்டன்சர்கள் காய்ந்திருக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒலி எழுதியிருப்பது 3.81 மில்லிமீட்டர் அகல நாடாவில், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிற வேகத்தில். 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் தலைமையிலான குழு பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய அதே அளவுதான் கடைசிவரை மாறவில்லை. அதனால்தான் எந்த நாட்டுக் கேசட்டும் எந்த நாட்டுச் செட்டிலும் ஓடியது, சவுதியில் வாங்கிய செட் எங்கள் தெருவிலும் பாடியது.

பெல்ட்டும் ரோலரும் நானே மாற்றினேன். வால்யூம் மட்டும் கரகரத்தது. புதுக்கோட்டையில் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வால்யூம் கன்ட்ரோலைக் கழற்றிப் பிரித்து, பூதக்கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே லாட வடிவத்தில் ஒரு கரிப்பூச்சுத் தடம் இருக்கும். நாம் திருப்பத் திருப்ப ஒரு சின்ன உலோக முள் அதன் மேல் தேய்த்துக்கொண்டு போகும்.

“ஏம்மா, இந்த செட்டு ஆஸ்பத்திரியில இருந்துச்சா?”

“இல்லண்ணே, வீட்லதான். ஏன்?”

“மூணு வரைக்கும் தேஞ்சு வெளுத்துப் போயிருக்கு. அதுக்கு மேல புதுசா வாங்குன மாதிரி இருக்கு. மூணத் தாண்டித் திருப்பினதே இல்ல போல.”

அந்த மேசை முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு ராத்திரி. அதற்குப் பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. அப்பா, அம்மா, சித்தப்பா, நான், யார் கை வைத்தாலும் மூன்றில் நின்றிருக்கிறது. எனக்கு யாரும் ‘கூட வைக்காதே’ என்று சொன்ன ஞாபகம் இல்லை. பாட்டு என்றால் அவ்வளவு சத்தம்தான் என்றே வளர்ந்திருக்கிறேன். சாதி பற்றி எட்டு வருடமாகப் படிக்கிற எனக்கு அதை அந்தக் கரித்தடம் சொல்ல வேண்டியிருந்தது.

இனி கேசட் கதை. இதில் குற்றவாளி நான்.

ஊருக்குள் சாவு விழுந்தால் கேதம் சொல்ல என் அய்யா, அதாவது அப்பாவின் அப்பா, போக வேண்டும். ஒப்பாரி வைக்க அப்பத்தா போக வேண்டும். வாசலுக்கு வெளியே நின்று, யாரென்றே தெரியாதவருக்காக மாரில் அடித்து அழுதால் மரக்கால் நெல். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நம் மக்கள் மறுத்த வரலாற்றை நாம் பேசுகிறோம், சரியாகவே பேசுகிறோம். அழ மாட்டோம் என்று பெண்கள் மறுத்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. அப்பத்தா 1994இல் மறுத்தார். அந்த வருடம் அய்யா இறந்தார். “இனி எனக்கு அழுகை மிச்சமில்ல”ன்னு சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு எந்த வாசலுக்கும் போகவில்லை. அய்யாவுக்காக அவர் வைத்த ஒப்பாரியை அப்பா ரெக்கார்ட் செய்தார். ஒரு சி-60 கேசட், இரண்டு பக்கமும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாசலில் அழுதவர், தன் வீட்டில் தனக்காக அழுத ஒரு மணி நேரம்.

2003இல் எனக்குப் பத்து வயது. கொடைக்கானல் பண்பலையில் பாட்டு வரும். கேசட் வாங்கக் காசு கிடையாது. வீட்டில் இருந்ததில் அட்டைப்படம் இல்லாத கேசட் அது ஒன்றுதான். ரெக்கார்ட், பிளே இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். டேப்ரிக்கார்டரில் பதிவு செய்வது என்றால் முதலில் அழிப்பது. நாடா பதிவு ஹெட்டுக்கு வருமுன் அழிக்கும் ஹெட்டைத் தொட்டுவிட்டுத்தான் வரும். விலை குறைந்த செட்டுகளில் அது வெறும் காந்தத் துண்டு. ஒரு பக்கம் முழுசாகப் போனது. மறுபக்கத்தில் ஆறு பாட்டு. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. 2009இல் இறந்தார்.

பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். தெரிந்துதான் செய்தேன் என்பேன். சினிமாப் பாட்டு பாட்டு. அப்பத்தாவுடையது அழுகை, சாவுச் சத்தம், வெட்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் அதைக் கேட்டுவிடக்கூடாது என்ற பயம் இருந்தது. எதன் மேல் எதைப் பதியலாம் என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரிந்திருக்கிறது.

நாம் உட்கார்ந்திருக்கிற இந்த ஊரிலேயே இன்னொரு அழிந்த ரெக்கார்டிங் இருக்கிறது. கோட்டை மலை அடிவாரத்துச் சிவன் குடைவரையில் ஒரு பழைய இசைக் கல்வெட்டு. குடுமியான்மலைக் கல்வெட்டு அளவுக்கு இது பேர் வாங்கவில்லை. காரணம், பின்னால் வந்த ஒரு கல்வெட்டுக்காக இதைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாகச் சில எழுத்துகள்தான் மிச்சம். ‘பரிவாதினி’ என்ற வீணையின் பெயர் அதில் பிழைத்திருக்கிறது. ஆய்வாளர்கள் அந்த ஒரு சொல்லை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும், வேண்டியதுதான். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டிலும் நாம் இருக்கிறோம்: பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று, வரி நீக்கிய நிலங்களின் கணக்கில். நம் பாட்டைக் கல்லில் யாரும் வெட்டி வைக்கவில்லை. அது முதன்முதலாக ஏறிய பொருள் பெரும்பாலும் இந்த மலிவான பழுப்பு நாடாதான்.

இங்கேதான் கேசட் மேல் எனக்கு உண்மையான மரியாதை. பீட்டர் மேனுவல் 1993இல் வட இந்தியக் கேசட்டுகள் பற்றி எழுதிய ‘கேசட் கல்ச்சர்’ நூலில் இதை விரிவாகக் காட்டுகிறார். இசைத்தட்டு இருந்தவரை ஒரு பெரிய கம்பெனி எதைப் பதியலாம் என்று முடிவு செய்தது. கேசட் வந்ததும் சின்ன ஊர்க்காரர்கள்கூடப் பதிந்து விற்றார்கள். நம் பக்கம் இன்குலாபின் ‘மனுசங்கடா’ கே.ஏ. குணசேகரன் குரலில் போகாத ஊரில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலிருந்து ‘பரட்டை’ தியோஃபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் கட்டிய விடுதலைப் பாடல்களும் கேசட்டில் பயணம் செய்தவைதான். அதே மேனுவல் இன்னொன்றையும் சொல்கிறார்: அயோத்தி இயக்கத்தின் வெறுப்புப் பேச்சும் இதே மலிவான கேசட்டில்தான் பரவியது. இங்கேயும் அப்படித்தான். 1992க்குப் பிறகு ‘தேவர் மகன்’ பாட்டு எந்தெந்த ஊர்வலத்தில், எந்தெந்தத் தெருமுனையில் நிறுத்தி, எவ்வளவு சத்தமாகப் போடப்பட்டது என்று தென்மாவட்டத்துக்காரர்களிடம் கேளுங்கள். அந்தச் செட்டுகளின் வால்யூம் கன்ட்ரோலைக் கழற்றிப் பார்த்தால் தேய்மானம் வேறு இடத்தில் இருக்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். பூம்பாக்ஸ் சேகரிப்பது உங்கள் விருப்பம். ஆனால் செட்டைவிட அவசரம் கேசட். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்றாவது இருக்கும்: வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய கேசட், கூட்டத்துப் பேச்சு, சடங்கு வீட்டுப் பாட்டு. கையில் எடுத்ததும் முதல் வேலை, மேல் விளிம்பில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் துண்டு இரண்டையும் உடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ரெக்கார்ட் பட்டன் இறங்காது. 2003இல் எனக்கு யாராவது அதைச் செய்து வைத்திருக்கலாம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் செட்டில் போடாதீர்கள். சரிசெய்த செட்டில் முதலில் ஒரு உதவாத கேசட்டை ஓட்டிப் பாருங்கள், தின்கிறதா என்று. குரல் மங்கலாக இருந்தால் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்பிக் குரல் தெளிகிற இடத்தில் நிறுத்துங்கள். இயர்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கம்பி போட்டு, சுருக்காமல் பெரிய கோப்பாகவே சேமியுங்கள். யார் குரல், எந்த வருடம், எதற்காக என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சம்மதிக்காமல் ரீல்ஸில் போடாதீர்கள். அந்த அழுகைக்கு ஏற்கெனவே நிறையப் பேர் சும்மா வந்து நின்று கேட்டிருக்கிறார்கள்.

என் கேசட்டில் ஆறாவது பாட்டு முடிந்து, அறிவிப்பாளர் பேச ஆரம்பித்ததும் பட்டனை நிறுத்தியிருக்கிறேன். ஒரு ‘கட்’ சத்தம். அதற்குப் பிறகு அப்பத்தா. பாதி வார்த்தையில் ஆரம்பிக்கிறார். நாலு நிமிடம் பத்து விநாடி; நீட்டிப் பிடித்தால் பன்னிரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நாடா. அய்யா கிணறு வெட்டப் போன ஊர்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறார், ஒவ்வொன்றும் எத்தனை ஆள் ஆழம் என்று சேர்த்து. பதினோரு கிணறு வருகிறது. அதில் ஒன்றில்கூட அவர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததாக வரவில்லை.

இந்த மாதிரிச் செட்டுகளில் பதிவு செய்யும்போது வால்யூம் பட்டனுக்கு வேலையே கிடையாது. வருகிற குரலுக்கு ஏற்றபடி செட்டே அளவை வைத்துக்கொள்ளும். அதனால் வால்யூம் மூன்றில் நின்ற வீட்டிலும் அப்பத்தாவின் குரல் குறையாமல் ஏறியிருக்கிறது. மெக்கானிக் அண்ணன் வேறு கன்ட்ரோல் போட்டுத் தருகிறேன் என்றார். நான் பழையதையே துடைத்து மாட்டச் சொல்லிவிட்டேன். மூன்று வரைக்கும் கரகரக்கும், அதைத் தாண்டினால் சுத்தமாக இருக்கும்.

அம்மாவிடம் கேட்டுவிட்டேன், போடலாம் என்று சொல்லிவிட்டார். முன்னால் இருக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். ஆறில் வைக்கிறேன்.