செவலைக்குப் பொறாமை இல்லை

பூனை பத்திப் பேசப்போறேன்னு போன வாரம் சொன்னதுமே வந்து குவிந்த கேள்வி ஒண்ணுதான்: வீட்ல ஏற்கெனவே ஒரு பூனை இருக்கு, புதுசா ஒரு குட்டி கொண்டுவரலாமா? தாராளமா கொண்டுவாங்க. நான் கொண்டுவந்த மாதிரி மட்டும் கொண்டுவராதீங்க.

எங்க வீடு வடக்குத்துல, நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும் இல்லையா? அப்படி இங்கே வந்து குடியேறிய குடும்பம் எங்க தெருவிலேயே நாலஞ்சு இருக்கு. கட்டில், பீரோவோட செவலையையும் கூடையில் வச்சுக் கொண்டுவந்தோம். ஏழு வயசு ஆண் பூனை, கருத்தடை செய்தது. குவார்ட்டர்ஸ்ல அப்பா முதல் ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரத்துக்கு கேட் மேல ஏறி உட்கார்ந்திருக்கும். புது வீட்டில் ரெண்டு மாசம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அப்புறம்தான் மெல்ல வாசல் வரைக்கும் வர ஆரம்பித்தது.

அந்தச் சமயத்துலதான் நான் பண்ருட்டி போனேன். பலா சீசன். மண்டி வாசல்ல ஒரு குட்டி தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருந்தது. தாய் வருதான்னு சாயங்காலம் வரைக்கும் தள்ளி நின்னு பார்த்தேன். வரலை. துப்பட்டாவில் சுத்தி எடுத்துட்டு வந்துட்டேன். 600 கிராம் இருந்தாலே அதிகம்.

வந்ததும் நேரா செவலை முன்னாடி இறக்கிவிட்டேன். "பாருடா, உன் தங்கச்சி." ரீல்ஸ்ல அப்படித்தானே காட்டுறாங்க? பெரிய பூனை மோந்து பார்க்கும், நக்கிக் கொடுக்கும், பின்னாடி ராஜா மியூசிக் ஓடும். எங்க வீட்ல செவலை சீறியது, குட்டி சோபாவுக்கு அடியில் ஓடியது, செவலை பரண் மேல ஏறிக்கொண்டது. அவ்வளவுதான். இறங்கவே இல்லை.

"பொறாமைடி அதுக்கு, ரெண்டு நாள்ல சரியாயிடும்"னு அம்மா சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். குட்டி அங்கங்கே ஒண்ணுக்குப் போனதால அம்மா தினமும் ரெண்டு வேளை ஃபினாயில் போட்டு வீட்டைத் துடைச்சாங்க. செவலை முதல் நாள் சாப்பிடலை. ரெண்டாம் நாளும் இல்லை. மூணாம் நாள் காலையில் அப்பா ஏணி போட்டு ஏறி, வச்ச சோறு வச்சபடி இருந்த தட்டோடு இறங்கினார். என்கிட்ட ஒரே வார்த்தைதான்: "கூடையை எடு."

டாக்டர் திட்டினார். நியாயமான திட்டு. பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர ஆரம்பிக்கலாம். குண்டுப் பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து. செவலை 6 கிலோ. ஊசி, டிரிப்ஸ் எல்லாம் ஏறியது. இன்னொரு திட்டு குட்டிக்காக. தடுப்பூசி போடாத தெருக்குட்டி பான்லூக்கோபீனியா வைரஸைக் கொண்டுவரலாம். அதனால சண்டை போடுதோ இல்லையோ, முதல் ரெண்டு வாரம் தனி அறையில்தான் வச்சிருக்கணுமாம்.

பொறாமைன்னு நான் சொன்னதும் அவர் சிரிச்சிட்டார். பூனையோட மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியா வேட்டையாடி, தனக்குன்னு ஒரு எல்லை வச்சு வாழ்ந்த இனம். அந்த எல்லையை அது வாசனையாலதான் எழுதும். கன்னத்தைக் கதவு நிலையில், நாற்காலிக் காலில், உங்க முழங்காலில் தேய்க்குதே, அது கொஞ்சல் மட்டும் இல்லை, 'இது என் இடம்'னு வைக்கிற கையெழுத்து. செவலை ரெண்டு மாசம் பாடுபட்டு வீடு முழுக்கப் போட்ட கையெழுத்தை நாங்க ரெண்டே நாள்ல ஃபினாயில் போட்டு அழிச்சிருக்கோம். மேல புது வாசனை ஒண்ணையும் ஓடவிட்டிருக்கோம். (ஃபினாயில் பூனை உடம்புக்கே விஷம். பூனை இருக்கிற வீட்ல அதை நிறுத்திடுங்க.)

வர்ற வழியில் அப்பா கூடையை மடியில் வச்சுக்கிட்டு சொன்னார்: "எனக்கே இந்த வீடு இன்னும் பழகலைம்மா."

முதல்லேர்ந்து ஆரம்பிச்சோம். என் அறை குட்டிக்கு. அங்கேயே மண் தட்டு, தண்ணி, ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி. கதவு சாத்தினபடி. குட்டியைத் தொட்டா கை கழுவிட்டுத்தான் வெளியே வருவேன். ரெண்டு வாரம் கழிச்சு, குட்டிக்கு நோய் இல்லைன்னு டாக்டர் பார்த்து முதல் ஊசி போட்டார். அப்புறம் பழைய துண்டுல குட்டியோட கன்னத்தைத் துடைச்சு செவலை தட்டுக்குப் பக்கத்தில் வச்சேன். செவலையோடது குட்டிக்கு. முதல் நாள் செவலை துண்டைப் பார்த்தே சீறியது. துண்டைத் தள்ளி வச்சேன். நாலாம் நாள் அது மேலேயே படுத்திருந்தது!

அடுத்து சாப்பாடு. மூடின கதவுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. தட்டை ஆறடி தள்ளி வச்சு, நாளுக்குக் கொஞ்சமா கதவுப்பக்கம் நகர்த்தணும். அந்த வாசனை வந்தா சாப்பாடும் வரும்னு மனசுல பதியணும், அதுதான் கணக்கு. சாப்பிடாம முறைச்சா, முந்தின நாள் இடத்துக்கே தட்டைத் திருப்பி வைங்க. நான் அவசரப்பட்டு ஒரு வாரம் வீணாச்சு.

முகம் பார்க்க வைக்க எங்களுக்குக் கைகொடுத்தது கொசுவலைக் கதவு. இதுக்குன்னே செஞ்ச மாதிரி. அதுக்கப்புறம்தான் ஒரே அறையில் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். சீறினா பதறாதீங்க, அது 'தள்ளிப் போ'ன்னு சொல்ற பேச்சு. அடிக்கவோ அதட்டவோ கூடாது. காதைப் பின்னால மடிச்சு, அசையாம வெறிச்சுப் பார்த்தா மட்டும் நடுவில ஒரு அட்டையை நீட்டுங்க, கையை இல்லை. மண் தட்டு ரெண்டு பூனைக்கு மூணு வேணும். இல்லைன்னா ஒண்ணு இன்னொண்ணை வழிமறிக்கும்.

முழுசா ரெண்டரை மாசம் ஆச்சு. இப்போ ரெண்டும் ஃப்ரெண்ட்ஸான்னு கேட்டா, இல்லை. செவலை வாஷிங்மெஷின் மேல, குட்டி கீழே துணிக்கூடையில். குட்டி வால் பக்கம் வந்தா ஒரு தட்டு, நகம் வெளியே வராத தட்டு. குட்டிக்கு அடுத்த மாசம் கருத்தடை, அதுக்கு இப்பவே காசு எடுத்து வச்சாச்சு. சாயங்காலம் அப்பா கடைக்குப் போயிட்டு வர்ற சைக்கிள் சத்தம் கேட்டா செவலை இந்த வீட்டு கேட் மேலயும் ஏறி உட்காருது. குட்டிக்கு அவ்வளவு உயரம் இன்னும் எட்டலை, கீழே நின்னு கத்துது.