பிள்ளைகளைத் தேன்கூட்டருகே விடலாமா?



ஊரில் பெரிய கூட்டைக் கண்டால் "குளவி, ஓடு!" என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் 'குளவி' கொட்டி இறந்த செய்திகளை இன்றும் கேட்கிறோம். அங்கே கொட்டுவது பெரும்பாலும் பெருந்தேனீ. இங்கே மாசியில் அயலவர் பெட்டியில் வளர்ப்பது வேறு இனம். 1839இல் மேரி பம்பி என்ற ஆங்கிலப் பெண் ஹோக்கியாங்காவுக்குக் கொண்டுவந்த ஐரோப்பியத் தேனீ அது. அதுவும் கொட்டும். ஆனால் முறை தெரிந்தால் கிட்டப் போகலாம்.

"பக்கத்து வீட்டுப் பெட்டியைப் பார்க்கப் போகட்டா அம்மா?" என்று பிள்ளை கேட்டால், முதலில் யோசியுங்கள்: முன்பு ஏதும் கொட்டி உடம்பு முழுக்கத் தடித்ததா, மூச்சு முட்டியதா? அப்படியென்றால் வைத்தியரைக் கேட்காமல் விடவேண்டாம்.

போகும் பிள்ளைக்கு வலைத்தொப்பி, வெளிர்நிற நீளச்சட்டை, கால்மேசுக்குள் செருகிய காற்சட்டை, சப்பாத்து வேண்டும். கறுப்பு உடுப்பும் கம்பளியும் வாசனைத் தைலமும் வேண்டாம். வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டாம். கொட்டிய தேனீ மற்றத் தேனீக்களை அழைக்க விடும் மணம் வாழைப்பழ வாசனை போன்றது. காற்றில்லாத, வெயிலான மதியம்தான் நல்ல நேரம். வாசலுக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும். கை வீசக்கூடாது. பிள்ளை "போதும்" என்றால் உடனே கூட்டிவாருங்கள்.

கொட்டினால் அவ்விடத்தை விட்டு விலகி, நகத்தால் முள்ளைச் சுரண்டி எடுங்கள். எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு கெதியாக எடுப்பது என்பதே முக்கியம். ஏனென்றால் கழன்று நின்ற முள்ளும் நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். பிறகு கழுவி, குளிர் ஒத்தடம் கொடுங்கள்.

நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சுத் திணறினால், வாந்தி, வயிற்றுவலி, மயக்கம் வந்தால் காத்திருக்கவேண்டாம். உடனே 111. பிள்ளையைப் படுக்க வையுங்கள். மூச்சுக் கஷ்டமென்றால் இருக்க விடலாம், நடக்க விடக்கூடாது. அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே போடுங்கள். ஆங்கிலம் வராது என்று தயங்கவேண்டாம். "ஆம்புலன்ஸ்" என்ற சொல்லும் முகவரியும் போதும். முகவரியை இன்றே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தொட்டுவைக்கவும் வேண்டாம். சொந்தமாகப் பெட்டி வைப்பதானால் சட்டப்படி பதியவேண்டும்.

நாங்கள் ஓடிப் பழகியவர்கள். எங்கள் பிள்ளைகள் அசையாமல் நின்று பார்க்கப் பழகட்டும்.