லொறிப் புகையும் இரத்தக் குழாயும்

டீசல் எஞ்சின் கக்கும் புகையில் நைதரசன் ஒட்சைட்டுகள் போன்ற வாயுக்களும் காபன் துணிக்கைகளும் கலந்திருக்கும். அத்துணிக்கைகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை, கண்ணுக்குத் தெரியாதவை. பெரிய தூசியை மூக்கே தடுத்துவிடும். இவையோ சுவாசப்பையின் சிற்றறைகள் வரை போய்ச் சேரும். பள்ளிவாசல்துறைக் கரையில் மீன் ஏற்ற வரும் லொறி எஞ்சினை நிறுத்தாமல் காத்து நின்றால், பின்னால் கூடை சுமந்து நிற்பவருக்கு, கடற்காற்று கலைக்கும் முன்பே அந்தப் புகை வந்துவிடும்.

ஆய்வுகூடங்களில் எலிகள் இந்தப் புகையைச் சுவாசித்தன. நீண்ட காலம் அடர்ந்த புகையில் வைக்கப்பட்ட எலிகளின் சுவாசப்பையில் கட்டிகள் தோன்றின. ஆனால் வெறும் காபன் தூளைச் சுவாசித்த எலிகளுக்கும் கட்டிகள் வந்தன, எலியைப் போன்ற ஹாம்ஸ்டர்களுக்கு வரவில்லை. ஆகவே எலியை மட்டும் வைத்து மனிதருக்குத் தீர்ப்பு எழுத முடியவில்லை. டீசல் புகைக்கு நடுவே வேலை செய்த சுரங்கத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகளே தயக்கத்தை நீக்கின. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், 1988இல் "அநேகமாக" என்று மட்டும் சொன்னதை மாற்றி, 2012 ஜூனில் டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக அறிவித்தது.

புகையின் தீங்கு சுவாசப்பையோடு நிற்பதில்லை, இதயத்தையும் இரத்தக் குழாயையும் தொடும். இதைக் காட்டிய பரிசோதனை 2007இல் வெளியானது. முன்பு மாரடைப்பு வந்து தேறிய 20 ஆண்கள், மருத்துவர்களின் கண்காணிப்பில், மூடிய அறையொன்றில் சைக்கிள் மிதித்தும் இளைப்பாறியும் ஒரு மணிநேரம் இருந்தார்கள். ஒரு நாள் வடிகட்டிய காற்று. இன்னொரு நாள் நீர்த்த டீசல் புகை, கனமீற்றருக்குச் சுமார் 300 மைக்ரோகிராம் துணிக்கைகளோடு. நெரிசலான வீதியோரத்திலும் இந்த அளவை எட்ட முடியும். புகை நாளில், மிதிக்கும்போது இதயத்துக்கு இரத்தம் போதாத அடையாளம் மின்வரைவில் கூடுதலாகத் தெரிந்தது. பின்னர் சோதித்தபோது, இரத்தக் கட்டியைக் கரைக்க உடல் தானே சுரக்கும் பொருளும் குறைந்திருந்தது. நெஞ்சுவலி என்று யாரும் சொல்லவில்லை. கருவி மட்டுமே கண்டது. வலி தெரியாமலே இது நடப்பதுதான் இதய நோயாளிக்கு ஆபத்து.

2011இல் வெளியான அடுத்த ஆய்வில் புகைபோக்கியில் துணிக்கை வடிகட்டி பொருத்தப்பட்டது. வாயுக்கள் தொடர்ந்து வந்தன. ஆனாலும் புகையால் இரத்தக் குழாய் விரிவதில் ஏற்பட்ட குறையும் இரத்தம் உறையும் போக்கும் தணிந்தன. குற்றவாளி பெரும்பாலும் துணிக்கைதான் என்பது இதில் தெளிவானது. இவ்வகை வடிகட்டிகள் நன்றாக வேலை செய்யக் கந்தகம் மிகக் குறைந்த டீசல் வேண்டும். வடிகட்டி இல்லாத பழைய லொறிக்கு, மீன் ஏற்றி முடியும்வரை எஞ்சினை நிறுத்திவைப்பதே கைக்கெட்டிய வழி.