இருபது ஆண்டுக்குப் பிறகும் அந்த இலக்கம் கையில் இருக்கட்டும்

சித்திர வேலாயுத சுவாமி குடியிருக்கும் வெருகலில் ஒரு மருத்துவக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கக் கிடைத்ததைப் பெரிய பேறாகக் கருதுகிறேன்.

மார்பகச் சிலிக்கோன் உள்வைப்புகளின் நீண்டகாலப் பாதுகாப்பு என்று பொருளை அறிவித்தவுடனே, "அது கொழும்புத் தனியார் வைத்தியசாலைகளின் விஷயம், அதைப் போய் வெருகலில் பேசுவதா?" என்று சிலர் கேட்டார்கள். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். அதனால் மார்பை இழந்த பெண்ணுக்கு அதை மீண்டும் அமைத்துக் கொடுக்கும் வழிகளில் சிலிக்கோனும் ஒன்று. லண்டனிலும் டொராண்டோவிலும் இருந்து கோயில் திருவிழாவுக்கு வரும் நம் பிள்ளைகள் சிலரின் உடலில் அது ஏற்கெனவே இருக்கிறது. இங்கே நிற்கும்போது அவர்களுக்கு ஒரு வீக்கமோ காய்ச்சலோ வந்தால் முதலில் யாரிடம் போவார்கள்? இந்த அவையில் இருக்கும் வைத்தியர்களும் தாதியர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களுமான உங்களிடம்தான். ஆகவே இது நம் விஷயம்.

முதலில் இதன் வரலாறு. முதலாவது மார்பகச் சிலிக்கோன் உள்வைப்பு 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வைக்கப்பட்டது. தோமஸ் குரோனின், ஃபிராங் ஜெரோ என்ற இரு வைத்தியர்கள் அதை வடிவமைத்தார்கள். டவ் கோர்னிங் கம்பனி செய்து கொடுத்தது. மருத்துவக் கருவிகளுக்கான சட்டம் அங்கே 1976இல்தான் வந்தது. அதற்கு முன்பே சந்தைக்கு வந்துவிட்ட பொருள் என்பதால், பாதுகாப்பை நிரூபிக்காமலே இவை தொடர்ந்து விற்பனையாயின. முதல் சத்திரசிகிச்சை நடந்து முப்பது ஆண்டு கழித்து, 1992இல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இவற்றின் பாவனையைக் கட்டுப்படுத்தியது. வழக்குகள் குவிந்து 1995இல் டவ் கோர்னிங் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்த அமெரிக்க மருத்துவ நிறுவகம், உள்வைப்புகள் மூட்டுவாதம், லூபஸ் போன்ற நோய்களை உண்டாக்குகின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை, ஆனால் வைத்த இடத்திலேயே வரும் சிக்கல்கள் பல என்று 1999இல் சொன்னது. நிபந்தனைகளோடு 2006இல் மீண்டும் அனுமதி கிடைத்தது.

ஒரு பொருளை முப்பது ஆண்டு பெண்களின் உடலில் வைத்துவிட்டு, அதன் பின்விளைவை ஒழுங்காக எண்ணிப் பார்க்காமல் இருந்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை இன்றும் கோபப்படுத்துவது.

இன்று நமக்குத் தெரிந்தவை என்ன? உள்வைப்பு ஆயுள் முழுவதற்கும் ஆனதல்ல. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரையில் 8 முதல் 10 ஆண்டுக்குள் அதை எடுக்க வேண்டி வருகிறது. அதைச் சுற்றி உடல் தானாகவே ஓர் உறை கட்டிக்கொள்ளும். சிலருக்கு அந்த உறை இறுகி மார்பு கல்லாகிவிடும், நோவும் வரும். கசிவு ஏற்பட்டாலும் பல தடவை வெளியே தெரியாது. அதனால்தான் ஐந்து ஆறு ஆண்டில் ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். களைப்பு, மூட்டு நோவு, ஞாபகக் குறைவு என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்களின் அறிகுறிகளுக்கான காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்பதற்காக "அது மனப்பிரமை" என்று அவர்களைத் திருப்பி அனுப்பும் உரிமை எந்த வைத்தியருக்கும் கிடையாது.

அடுத்த சிக்கல் அரிது, ஆனால் உயிராபத்தானது. உள்வைப்பைச் சுற்றியுள்ள உறையில் உருவாகும் ஒருவகை லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். மார்பகத் திசுவில் வரும் புற்றுநோயிலிருந்து இது வேறு; பெரும்பாலும் மேற்பரப்பு சொரசொரப்பான உள்வைப்புகளோடு தொடர்புடையது. 2019 ஜூலையில் அலர்கன் கம்பனி தன் சொரசொரப்பான பயோசெல் உள்வைப்புகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அந்த வேளையில் உலகளவில் அறிவிக்கப்பட்டிருந்த 573 நோயாளர்களில் 481 பேருடையவை அலர்கன் தயாரிப்புகள். இறந்தவர்கள் 33 பேர். இந்த நோய் பெரும்பாலும் பல ஆண்டு கழித்து, ஒரு பக்க மார்பில் திடீர் வீக்கமாகவே வெளிப்படுகிறது. இளம் வைத்தியர்களே, அந்த வீக்கத்தில் சேர்ந்திருக்கும் நீரை ஊசியால் எடுத்துக் கொட்டிவிடாதீர்கள். அதைச் சோதனைக்கு அனுப்புங்கள். சிடி30 என்ற குறிப்பானைப் பார்க்கும்படி படிவத்தில் எழுதுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்து உள்வைப்பையும் உறையையும் முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் குணமடைகிறார்கள்.

ஆபத்து உள்வைப்பின் வகையைப் பொறுத்தது என்பதால், எது வைக்கப்பட்டது என்ற பதிவு வேண்டும். ஒவ்வொரு உள்வைப்பும் பெட்டியில் வரும்போது கூடவே சிறிய ஒட்டிகள் வரும். கம்பனி, வகை, அளவு, தொகுதி இலக்கம், தொடர் இலக்கம் எல்லாம் அதில் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்றை வைத்தியசாலைக் கோவையில் ஒட்ட வேண்டும், ஒன்றைப் பெண்ணின் அட்டையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். தியேட்டரில் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் தவறிப்போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் உள்வைப்புச் செய்துகொண்ட ஒரு பெண், ஊருக்கு வந்த இடத்தில் ஒரு பக்கம் வீங்கி என்னிடம் வந்தார். எந்தக் கம்பனி, சொரசொரப்பா வழுவழுப்பா என்று கேட்டேன். "நல்ல கம்பனி எண்டுதான் டொக்டர் சொன்னவங்க" என்றார். செய்த கிளினிக்கை மூடிவிட்டார்களாம். சொப்பிங் பைக்குள்ளிருந்து அவர் எடுத்துக் காட்டியது காசு கட்டிய பற்றுச்சீட்டு. செலுத்திய தொகை கடைசிச் சதம் வரை அதில் இருந்தது. உடம்புக்குள் வைத்த பொருளின் இலக்கம் இல்லை. நல்ல வேளையாகச் சோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் முடிவு வரும்வரை அவர் பட்ட பாட்டுக்கு யார் பொறுப்பு?

இலக்கம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு பி.ஐ.பி. விவகாரமே சாட்சி. பிரான்சில் ஜான்-குளோட் மாஸ் என்பவர் 1991இல் தொடங்கிய அந்தக் கம்பனி, மருத்துவத் தரச் சிலிக்கோன் என்று சொல்லிக் கைத்தொழில் தரச் சிலிக்கோனை நிரப்பி விற்றது. 2010 மார்ச்சில் விற்பனை நிறுத்தப்பட்டபோது உலகெங்கும் ஏறத்தாழ 300,000 பெண்களின் உடலில் அது இருந்தது. 2013 டிசெம்பரில் மாஸுக்கு நான்காண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிரித்தானியாவில் மட்டும் ஏறத்தாழ 47,000 பெண்களுக்கு அந்தக் கம்பனியின் உள்வைப்பு வைக்கப்பட்டிருந்தது. அந்த நாட்டில் 1993 முதல் ஒரு பதிவேடு இருந்தது. 2006இல், தேவைப்படுவதற்கு நான்காண்டு முன்பாக, அதை நிறுத்திவிட்டார்கள். புதிய பதிவேடு 2016இல்தான் வந்தது. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே பெண்கள் தங்களுக்குள் இருப்பது எது என்று அறிய அலைந்தார்கள் என்றால், சுனாமியிலும் 2006 போர் இடப்பெயர்விலும் பிறப்புச் சான்றிதழைக்கூடக் காப்பாற்ற முடியாமல் போன இந்த மண்ணின் பெண்களை நினைத்துப் பாருங்கள்.

பதிவோடு செலவையும் பற்றிப் பேச வேண்டும். தமிழகத்தில் 2018 பெப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மார்பகச் சீரமைப்பையும் உள்வைப்பையும் ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் என்று அறிவித்தது. அழகுச் சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று அப்போதைய அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். அரசுப் பணத்தை உயிர் காக்கும் சிகிச்சைக்குச் செலவிட வேண்டும் என்று மறுதரப்பு சொன்னது. நான் அமைச்சரின் கேள்வியின் பக்கம்தான் நிற்கிறேன். மார்பை இழந்த ஏழைப் பெண்ணின் மனவேதனை பணக்காரியின் வேதனையை விடச் சிறியதல்ல. ஆனால் இலவசமாக வைத்துக் கொடுக்கும் அரசு, பத்தாம் ஆண்டு ஸ்கேனையும் பதினைந்தாம் ஆண்டு மறுசத்திரசிகிச்சையையும் சேர்த்தே ஏற்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாத இடத்தில், வயிற்றுத் தசையையோ முதுகுத் தசையையோ கொண்டு மார்பை அமைக்கும் முறையை முதலில் எடுத்துச் சொல்வதே நேர்மை. எதுவும் வேண்டாம், துணியில் தைத்த பஞ்சு மார்பு போதும் என்று ஒரு பெண் சொன்னால், அந்த முடிவுக்கும் அதே மரியாதை உண்டு.

பதிவுக்கும் கண்காணிப்புக்குமான வழி எங்கோ இல்லை. சிலிக்கோன் இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக மேற்கையில் வைக்கும் ஜடெல்லின் இரண்டு குச்சிகளும் சிலிக்கோனால் ஆனவைதான். அதை எப்போது வைத்தது, ஐந்தாம் ஆண்டு முடிந்து எப்போது எடுக்க வேண்டும் என்பது குடும்பநல உத்தியோகத்தரின் பதிவில் இருக்கிறது. திகதி நெருங்கும்போது அவர் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வீட்டு வாசலுக்கு வந்து நினைவூட்டுகிறார். பணக்கார நாடுகள் கோடிகள் செலவிட்டுக் கட்ட முயலும் கண்காணிப்பை நம் பெண்கள் ஒரு கொப்பியையும் பேனையையும் வைத்து நடத்திக் காட்டியிருக்கிறார்கள். மருத்துவக் கருவிகள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பொறுப்பில் இருக்கின்றன. அந்த அதிகாரசபையிடம் நாம் கேட்க வேண்டியது இது: அரச வைத்தியசாலையானாலும் தனியார் ஆனாலும் நாட்டில் வைக்கப்படும் ஒவ்வொரு மார்பக உள்வைப்பின் இலக்கமும் ஒரு தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும், அதே இலக்கம் பெண்ணின் கிளினிக் கொப்பியிலும் ஒட்டப்பட வேண்டும். வெளிநாட்டில் வைத்துக்கொண்டு வந்தவர்களும் விரும்பினால் பதிய வழி வேண்டும். சுகவனிதையர் கிளினிக்கில் கேட்கும் கேள்விகளோடு இதையும் ஒரு கேள்வியாகச் சேர்க்கலாம். வெட்கப்பட வைக்காத தொனியில், தனியாகக் கேட்க வேண்டும்.

இந்தக் கோரிக்கையின் வாசகத்தைப் பகல் உணவுக்கு முன் அவையின் முன் வைப்போம். நிகழ்ச்சிநிரலில் நிபுணர்களின் அமர்வு முதலாவதாக அச்சிடப்பட்டிருக்கிறது. தலைவர் என்ற முறையில் அதை மாற்றுகிறேன். குடும்பநல உத்தியோகத்தர்கள் முதலில் பேசட்டும். நிபுணர்கள் அவர்களுடைய கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பேசுவார்கள். கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.