கடல் கடந்து வந்த அமானிதம்

(அத்திப்பட்டில் ஆற்றப்பெற்ற ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



நம் ஊருக்கு அருகே துறைமுகம் இருக்கிறது. கப்பல்கள் நாள்தோறும் வருகின்றன, போகின்றன. நம் பிள்ளைகளும் பிழைப்புக்காகக் கடல் கடந்து போகிறார்கள். அவர்களுள் சிலர் மலேசியாவிலோ இலங்கையிலோ வேறு நாட்டிலோ மணமுடித்து, மனைவியை இங்கே அழைத்து வர நினைக்கிறார்கள். இது மார்க்கத்தில் கூடுமா என்று கேட்கிறார்கள். மொழியும் நாடும் நிக்காஹ்வுக்குத் தடையல்ல. நம்மைப் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் உணர்த்துகிறது. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் இலங்கையோடு தலைமுறை தலைமுறையாகச் சம்பந்தம் செய்து வந்தவர்களே.

ஆகவே, கூடுமா என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அழைத்து வந்தபின் அவளை எப்படி வைத்திருக்கப் போகிறோம் என்பதையே இன்று சிந்திக்க வேண்டும்.

அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். அபூஸுஃப்யானின் மகளாகிய அவர்கள் ஈமானைக் காக்க அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றார்கள். அங்கே கணவரை இழந்து, அந்நிய மண்ணில் நின்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களை மணமுடிக்க விரும்பி மன்னர் நஜ்ஜாஷிக்குச் செய்தி அனுப்பினார்கள். மன்னரே முன்னின்று நிக்காஹ்வை நடத்தினார். மஹரையும் தாமே கொடுத்தார். ஷுரஹ்பீல் இப்னு ஹஸனா (ரலி) அவர்களின் துணையோடு அன்னையவர்களை மதீனாவுக்கு அனுப்பி வைத்தார். அந்த மணத்தில் மறைவு எதுவும் இல்லை. சாட்சி இருந்தது, மஹர் இருந்தது, ஒரு நாட்டின் மன்னருடைய அறிதல் இருந்தது, வழித்துணையும் இருந்தது. தொலைவிலிருந்து பெண்ணை அழைத்து வரும் ஒழுங்கை நாம் இங்கிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எழுதி வைத்தல். கடன் கொடுத்தாலே எழுதி வையுங்கள் என்று பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் விரிவாகக் கட்டளையிடுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு எழுத்து வேண்டுமென்றால், ஒரு பெண்ணின் வாழ்வுக்கு வேண்டாமா? ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் நமக்கு அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன்படி இங்கு நடக்கும் எல்லாச் சமயத்தார் திருமணங்களும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். தவறினால், கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு. வெளிநாட்டில் மணமுடித்தவர் அந்நாட்டுச் சான்றிதழை முறைப்படி பெற்று வர வேண்டும்.

இரண்டாவது, நேரான வழியில் அழைத்து வருதல். சுற்றுலா விசா வேறு. மனைவியாகத் தங்கி வாழ்வதற்கான நுழைவு விசா வேறு. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். "இங்கே யார் கேட்கப் போகிறார்கள்" என்று தவணை கடந்த விசாவோடு மனைவியை வீட்டில் வைத்திருப்பவன், அவளைக் குற்றவாளியாக்குகிறான். மருத்துவமனைக்கும் அஞ்சி, காவலருக்கும் அஞ்சி அவள் வாழும்படி ஆகிவிடுகிறது. இது நல்லமுறையில் குடும்பம் நடத்துவதாகுமா?

மூன்றாவது, அவளுடைய உரிமை உங்கள் கையில் இருக்கிறது என்ற அச்சம். சகோதரர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள்! இந்தியரை மணந்தவர் குடியுரிமைக்குப் பதிவு கேட்டு விண்ணப்பிக்க 7 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை நம் நாட்டில் இல்லை. ஆதலால் பிறந்த நாட்டின் குடியுரிமையை அவள் துறக்க நேரிடும். பதிவு செய்த மணம் 2 ஆண்டுகள் நீடித்தபின் கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாகிஸ்தான், வங்காளதேசத் தொடர்புடையோருக்கு அதுவும் இல்லை. கணவர் வழியாகப் பெற்ற அந்த அட்டையும் மணவிலக்கு ஏற்பட்டால் இரத்தாகக்கூடும். அவளுடைய வீடு மட்டுமல்ல, இந்த மண்ணில் நிற்கும் தகுதியே உங்கள் மணவாழ்வைச் சார்ந்திருக்கிறது. இந்தப் பலவீனத்தைக் காட்டி அவளை மிரட்டுவது பெரும் அநீதி. அவளுடைய பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்காதீர்கள். தாய் தந்தையரோடு அவள் பேசுவதைத் தடுக்காதீர்கள். மனைவியரை அல்லாஹ்வின் அமானிதமாகவே நாம் ஏற்றிருப்பதை நபி (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் நினைவூட்டினார்கள்.

நான்காவது, பிள்ளைகள். 2004 டிசம்பர் 3ஆம் நாளிலிருந்து இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட்டால், பிறப்பினால் குடியுரிமை கிடைப்பதில்லை. நம் ஊர் வழியே செல்லும் இரயிலில் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1983க்குப்பின் உயிரைக் காத்துக்கொள்ள ஓடி வந்தவர்களுள் பலரிடம் பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லை. அத்தகையோரை மணந்த இந்தியக் குடும்பங்களில், ஒரு தாளின்மை அடுத்த தலைமுறையையும் தொடர்கிறது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்களுக்காகத் துஆச் செய்யவும், சட்ட உதவி தேடிக் கொடுக்கவும் கடமை உண்டு. ஆனால் நேரான வழி திறந்திருந்தும் சோம்பலால் அதை விட்டுவிட்டு, தன் பிள்ளையை அந்த நிலையில் நிறுத்துபவன் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வான்?

இறுதியாக, ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கணவன் மனைவிக்கிடையே பிளவை அஞ்சினால், அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரும் அமர வேண்டும் என்று நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் வழிகாட்டுகிறது. கடல் கடந்து வந்த பெண்ணுக்கு இங்கே குடும்பம் ஏது? பஞ்சாயத்தில் மாமனார் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம், எல்லாரும் கணவன் வீட்டாராகவே அமர்ந்தால் அது நீதியாகுமா? அவள் நம்பும் ஒருவரை, அவள் மொழி அறிந்த ஒருவரை அவள் பக்கம் அமர்த்துங்கள். அவள் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். நிக்காஹ் நாளிலேயே, "இந்தப் பெண்ணுக்கு நாங்கள் தாய்வீடு" என்று ஜமாஅத்தார் ஏற்றுக்கொள்ளுங்கள். மாமியார்மார்களே! அவள் மீன் குழம்பு வைக்கத் தெரியாமல் நிற்கும்போது சிரிக்காதீர்கள். தமிழைப் பிழையாகப் பேசும்போது பரிகசிக்காதீர்கள். உங்கள் மகள் வேறொரு நாட்டில் அப்படி நின்றால் உங்கள் உள்ளம் என்ன பாடுபடும்?

யா அல்லாஹ்! எங்களை நம்பித் தம் மண்ணை விட்டு வந்தவர்களுக்கு எங்கள் இல்லங்களை நிம்மதியின் இடமாக ஆக்குவாயாக! அமானிதத்தைப் பேணும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! தாளின்றித் தவிக்கும் குடும்பங்களுக்கு நல்வழி திறப்பாயாக! ஆமீன்.